மாடி ஆபீஸ்

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் ஒரு பர்னிச்சர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே கட்டிலுக்கும் பீரோவுக்கும் வார்னிஷ் அடிக்கிற நாட்களில் அந்த வாடை படியேறி வந்து எங்கள் தயிர்சாதத்தில்கூடக் கலந்துவிடும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மலைக்கோட்டைப் பாறையின் ஒரு பக்கம் தெரியும். மத்தியான வெயிலில் அதைப் பார்த்தாலே கண் கூசும். ஆனாலும் அந்த ஜன்னல் இருக்கைக்கு எப்போதும் போட்டிதான். இப்போது நான் கோயம்புத்தூரில் பெரிய கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இங்கே எந்த வாடையும் வருவதில்லை. ஜன்னலையும் திறக்க முடியாது.

எங்கள் கம்பெனிக்கு நூல் மில்கள் பல இருந்தன. வேடசந்தூர் பக்கம், ரெட்டியார்சத்திரம் பக்கம், பழனியைத் தாண்டி நெய்க்காரப்பட்டி பக்கம் என்று பரந்து கிடந்தன. ஒவ்வொரு மில்லிலும் தனித்தனியாகச் சம்பளப் பிரிவு, வருகைப் பதிவு, உதிரிபாகம் வாங்குகிற பிரிவு, அதற்கென்று ஆட்கள். இதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து எல்லா மில்லுக்கும் பொதுவாக நடத்தலாம் என்று கோயம்புத்தூர் தலைமை ஆபீஸில் முடிவு செய்தார்கள். 'ஷேர்டு சர்வீசஸ்' என்று போர்டு எழுதி மாட்டினார்கள். மில்காரர்கள் வாயில் அந்தப் பேர் நுழையவில்லை. அவர்களுக்கு நாங்கள் 'மாடி ஆபீஸ்' ஆனோம். கொஞ்ச நாளில் நாங்களும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தோம்.

அந்த ஆபீசுக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். வேடசந்தூர் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். சத்தம் போடாமல் காரியத்தை முடிப்பவள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நம்பித்தான் கொடுத்தார்கள். நானும் அதை நம்பித்தான் ஏற்றுக்கொண்டேன். வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் மனுசர்கள் தானாகச் சரியாகிவிடுவார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மனுசர்கள் மில் மில்லாக வந்தார்கள். மில் மில்லாகவே உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போதும் ரெட்டியார்சத்திரத்து ஆட்கள் ஒரு மேஜை, வேடசந்தூர் ஆட்கள் ஒரு மேஜை. தொட்டுக்கொள்கிற வெஞ்சனம்கூட ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகாது. நெய்க்காரப்பட்டி மில்லிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தனியாகச் சாப்பிட்டார்.

ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் எப்போதும் திருநீறு. மகள் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்ததால் குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்கே வீடு மாறி வந்திருந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். "அண்ணே, டீ?" என்றால் "வேண்டாமுங்க மேடம்." "அண்ணே, வீடெல்லாம் வசதியா இருக்கா?" என்றால் "இருக்குதுங்க மேடம்." அதற்கு மேல் பேச்சு நகராது. கூச்ச சுபாவம் போல என்று விட்டுவிட்டேன்.

தலைமை ஆபீஸில் ஒரு விதி போட்டிருந்தார்கள். யாரும் தான் முன்பு இருந்த மில்லின் வேலையைப் பார்க்கக்கூடாது. அந்த மில்லிலிருந்து வரும் போனையும் எடுக்கக்கூடாது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வந்துவிடும் என்பது அவர்கள் பயம். அதனால் நெய்க்காரப்பட்டிக்காரர் வேடசந்தூர் வேலையைப் பார்த்தார். நெய்க்காரப்பட்டி மில்லின் போன்களை எடுத்தது சின்னாளபட்டியிலிருந்து வந்த ஒரு பெண்.

அவள் எங்களில் சின்னவள். அப்பாவும் அம்மாவும் தறி போட்டவர்கள். தினமும் ஒரு புதுக் கண்டாங்கியோ சுங்குடியோ கட்டிக்கொண்டு வந்து, "நம்ம வீட்டு விளம்பரம் அக்கா" என்று சிரிப்பாள். எந்த மில்லிலும் இருந்ததில்லை, நேராக இந்த ஆபீசில் சேர்ந்தவள் என்பதால் எல்லா மேஜையிலும் கை வைத்துச் சாப்பிடும் உரிமை அவளுக்கு மட்டும் இருந்தது. அவள் இருந்தால் அறையே கலகலவென்று இருக்கும். ஆனால் காலையில் ஒரு போன் வரும். அது வந்து போனபின் மத்தியானம் வரைக்கும் அவள் முகம் சுருங்கிக் கிடக்கும்.

நெய்க்காரப்பட்டி மில்லின் மானேஜர்தான் அது. காலை ஷிப்ட் ஓட ஆரம்பித்து, எல்லாம் ஒரு நிதானத்துக்கு வந்ததும் கூப்பிடுவார். ரிசீவரை அவள் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்.

"ஏனுங்க, மெஷின் பெல்ட்டு இன்னும் வரலீங்க! நீங்கெல்லாம் அங்க என்னங்க பண்றீங்க?"

"சார், கம்ப்யூட்டர்ல டிக்கெட் போட்டிருக்கேன் சார். ரெண்டு நாள்ல வந்துரும்."

"டிக்கெட்டா? நானென்ன சினிமாவுக்காங்க போறேன்?"

ஒரு நாள் பெல்ட். மறுநாள் கைரேகை வைக்கிற மெஷின். அடுத்த நாள் குடிதண்ணீர் பில்டர். அதற்கும் அடுத்த நாள், செக்யூரிட்டிக்குத் தைத்த சட்டையில் பட்டன் சரியில்லை. குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. கடைசியில் போனை வைப்பதற்கு முன் எப்போதும் ஒன்று கேட்பார்: "அங்க எல்லாரும் சாப்ட்டாச்சுங்களா?"

அதுதான் அவளைச் சுட்டது. ஒரு நாள் என் மேஜைக்கு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, தறிச் சத்தத்துக்கு நடுவுல வளந்தவ நான். சத்தமெல்லாம் எனக்குப் பெருசில்ல. வெறும் வசவா இருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவேன். இவரு மரியாதையாவே திட்டுறாருக்கா. 'சாப்ட்டாச்சா'ன்னு வேற கேக்குறாரு. சாப்ட்டுச் சாப்ட்டுத் தூங்குறோம்னு குத்திக் காட்டுறாரு."

"சரி, அவரு அப்படித்தான்னு விட்டுரு."

"விட்டுரலாம்க்கா. ஆனா ஒண்ணு பாத்தீங்களா, எல்லாம் சொல்லி முடிச்சப்புறமும் போனை வைக்க மாட்டேங்கிறாரு. செத்த நேரம் சும்மாவே இருக்காரு. மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கும். அப்புறமா வைக்கிறாரு."

அவள் அதைச் சொன்னபோது அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வேலையில் இருக்கிறவர், யாராவது இடையில் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் சேவை எப்படி இருக்கிறது என்று மில்களிடம் மாதாமாதம் கருத்துக் கேட்பார்கள். நெய்க்காரப்பட்டி மட்டும் 'திருப்தி இல்லை' என்றே எழுதி வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து எங்களுக்கு மேலே இருந்த பெரியவர் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். "டீமுக்கு ஒரு பயிற்சி குடுத்துப் பாக்கலாமுங்க. எமோஷனல் இன்டெலிஜென்ஸ்னு இப்ப எல்லாப் பக்கமும் நடத்தறாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்த அம்மா. ஆளுக்கு ஒரு வண்ண அட்டையைக் கொடுத்து, இந்த நிமிடம் உங்கள் மனசு என்ன நிறத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். ரெட்டியார்சத்திரத்து ஆள் ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், பசிக்கு என்ன கலர்?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி. எதிரில் பேசுகிறவரின் உணர்ச்சியை நாம் புரிந்துகொண்டோம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும் என்று பழக்கினார். 'நீங்கள் கோபமாக இருப்பது எனக்குப் புரிகிறது' என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம்.

மறுநாள் காலை போன் வந்ததும் சின்னாளபட்டிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் கத்தி முடிக்கும் வரை காத்திருந்து, "சார், நீங்க கோபமா இருக்கிறது எனக்குப் புரியுது" என்றாள்.

"கோவமா? எனக்கெங்கீங்க கோவம்? ஆருங்க சொன்னது எனக்குக் கோவம்னு?" என்று மாடியே அதிரக் கேட்டது அந்தக் குரல்.

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளும் சிரித்தாள். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது, நெய்க்காரப்பட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்தபடி, தட்டாமல், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் இருந்தது எரிச்சல் இல்லை. தன் வீட்டு ஆளை நாலு பேர் கேலி பண்ணும்போது ஒருவர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படி இருந்தது. என் சிரிப்பு பாதியில் நின்றது.

பயிற்சியாளர் கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். "போன்ல வர்றது பாதி மனுஷன்தாங்க. மீதியை நேர்ல போய்த்தான் பாக்கணும்." அந்த வாரமே நெய்க்காரப்பட்டிக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

பஸ்ஸில்தான் போனேன். ரெட்டியார்சத்திரம் தாண்டி, ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றபோது தக்காளிப் பெட்டிகளோடு ஒரு கூட்டமே ஏறியது. அங்கிருந்தே பேச்சு மாற ஆரம்பித்துவிடும். 'வாரேன், போறேன்' எல்லாம் இறங்கிப் போய், 'வர்றேனுங்க, போறேனுங்க' ஏறி உட்கார்ந்துகொள்ளும். பழனியில் வேறு பஸ் மாறினேன். வழியெல்லாம் அவரிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் பெண்களிடம் இப்படிப் பேசக்கூடாது என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

மில் வாசலிலேயே அவர் நின்றிருந்தார். வெளுத்த சட்டை, தலையில் ஒட்டிய பஞ்சு. கையைக் கூப்பிக்கொண்டே, போனில் கேட்ட அதே சத்தத்தில், "வாங்க அம்மிணி, வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க! மொதல்ல தண்ணி குடிங்க!" என்றார்.

ஒரு கணம் திடுக்கிட்டேன். முகம் முழுக்கச் சிரிப்பு. குரல் மட்டும் சண்டைக்கு வருகிற மாதிரி. பக்கத்தில் நின்ற காவலாளி எதுவும் நடக்காதது போல வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழகிப்போன சத்தம்.

மானேஜருடைய அறை, நூற்கிற மெஷின்கள் ஓடும் ஹாலை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். இளவயதில் அந்த ஹாலுக்குள் சூப்பர்வைசராக நின்றவர். அப்புறம் இந்த அறைக்கு வந்தவர். நான் பேசியபோது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, என் உதட்டையே பார்த்தார். இரண்டு தடவை சொன்னால்தான் விளங்கியது. நானும் ஒரு மில்லில் வேலை பார்த்தவள்தான். ஆனால் எங்கள் கணக்குப் பிரிவு மெஷின்களிலிருந்து தள்ளி, மரநிழலில் இருந்தது. சத்தத்துக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவரின் காது எப்படி ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஒத்திகை பார்த்து வந்த பேச்சு எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

அறையில் எதிரும் புதிருமாக இரண்டு மேஜைகள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது காலி. ஆனால் தூசி இல்லை. சுற்றிலும் எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்து கிடக்கிற இடத்தில் அந்த மேஜை மட்டும் துடைத்து வைத்திருந்தது.

"இதுல யாரு சார்?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

"உங்காளுதானுங்க. அங்க வந்துட்டானுங்களே." சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எப்புடீங்க இருக்கறான்? சாப்புடறானுங்களா?"

நான் தலையாட்டினேன்.

"காலைல சாப்புட மறந்துருவானுங்க. சர்க்கரை வேற இருக்குது. வேலைன்னு உக்காந்தா அப்படியே உக்காந்திருவான். நாந்தானுங்க டிப்பனைப் பிரிச்சு முன்னாடி வெப்பேன். அவங்க வீட்டுலயும் எங்கிட்டத்தான் சொல்லி விடுவாங்க."

சின்னாளபட்டிப் பெண் கண் கலங்கி நின்றது ஞாபகம் வந்தது. எங்கள் காதில் குத்தலாக விழுந்த அந்தக் கேள்வி இந்த அறையிலிருந்துதான் வந்திருந்தது. எல்லோருக்குமாகக் கேட்டாலும், ஒருவர் சாப்பிட்டாரா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அவள் என்னவென்று தெரியாமல் "ஆச்சு சார்" என்று வெடுக்கென்று சொல்லியிருக்கிறாள். அந்த வெடுக்கையே பதிலாக எடுத்துக்கொண்டு நிம்மதியடைந்திருக்கிறார்.

"அவருக்கே நேரா போன் பண்ணலாமே சார்?" என்று உரக்கக் கேட்டேன்.

"செல்லுல எனக்குக் கேக்காதுங்க. இந்த டேபிள் போன்ல தான் கொஞ்சம் வெளங்கும்." மேஜையில் படிந்திருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "அதுவும் இல்லாம, போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க அவன். ஆர்டர் வந்து நோட்டீஸ் போர்டுல ஒட்டினப்பதான் எனக்கே தெரியும். அவனாக் கூப்புடட்டும்னு இருக்கறேனுங்க."

"தினமும் காலையில ஆபீசுக்குக் கூப்பிடுறீங்களே..."

அவர் முதன்முறையாகக் கூச்சத்தோடு சிரித்தார். "ஏதாச்சும் கொறை இருந்தாத்தானுங்களே கூப்புட முடியும்? சும்மா கூப்புட்டா, வேலைவெட்டி இல்லாதவன்னு நெனச்சுக்க மாட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் காலையில் இந்த மனுசர் மில்லைச் சுற்றி வந்து ஒரு குறையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். பட்டன் வரைக்கும் போயிருக்கிறார்.

மத்தியானம் அவருடைய டிப்பனில் பாதியை எனக்கு வைத்தார். நான் எதைப் பற்றிப் பேச வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். "சார், போன் எடுக்கிற பொண்ணு நீங்க கோபமாத் திட்டுறதா நெனச்சுக்கிட்டு இருக்கு." அவர் முகம் வாடிவிட்டது. "அட ஆண்டவா. அந்தக் கண்ணு நல்லாப் பேசுமுங்க. நான் போயி திட்டுவனா?" என்று கேட்டார், கத்திக்கொண்டே.

திரும்பி வரும் பஸ்ஸில், மஸ்கட்டில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மோட்டார் ரிப்பேர் பார்த்தாயிற்றா என்று கேட்டார். அவர் எப்போதும் இப்படித்தான் கேட்பார்: மோட்டார், ஸ்கூட்டர், கேஸ் சிலிண்டர். நானும் ஆச்சு, ஆகல என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்றைக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றார். பஸ் ஒட்டன்சத்திரம் வந்து, அதைத் தாண்டியும் நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் நான் நெய்க்காரப்பட்டிக்காரரைத் தனியாக அறைக்குள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் விறைத்துப்போவார் என்று தெரியும். டீ வந்த நேரத்தில் அவர் மேஜைப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, நேத்து உங்க மில்லுக்குப் போயிருந்தேன்."

"தெரியுமுங்க மேடம்."

"உங்க மேஜையைத் துடைச்சு வச்சிருக்காரு."

அவர் டீ கிளாசைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையும் சொன்னானுங்களா?" என்றார்.

"நீங்க சொல்லாம வந்துட்டீங்கன்னு வருத்தப்பட்டாரு."

"சொல்லலாம்னு பல நாள் வாய் வரைக்கும் வந்துச்சுங்க மேடம். அவனுக்குக் காது கேக்காதுங்களே. உரக்கத்தான் சொல்லோணும். 'நான் போறேன்டா'ன்னு மில்லு பூராக் கேக்கற மாதிரி எப்படீங்க சொல்றது? எனக்கு அழுகை வந்திருமுங்க." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "புள்ள படிப்புக்காகத்தானுங்க வந்தேன். தெனமும் அவன் சத்தம் இங்க கேக்கும்போது... நான் கணக்குப் பாக்கற மாதிரி உக்காந்திருப்பேனுங்க."

பயிற்சியில் கற்ற எந்த வாக்கியமும் அங்கே பொருந்தவில்லை. டீ முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அன்றைக்கே தலைமை ஆபீஸ் பெரியவரைக் கூப்பிட்டேன். பில்லுக்கும் கொள்முதலுக்கும் அனுமதி கொடுக்கிற வேலை விதிப்படியே வேறு ஆட்களிடம் இருக்கட்டும். போனை மட்டும் அந்தந்த மில்லை அறிந்தவர்கள் எடுக்கட்டும் என்று கேட்டேன்.

"மறுபடியும் மில் மில்லா பிரிஞ்சிருவாங்களேங்க?" என்றார்.

"இப்பவும் பிரிஞ்சுதான் சார் இருக்காங்க. அங்க இருக்கவங்களையும் பிரிஞ்சு, இங்க இருக்கவங்களோடயும் சேராம இருக்காங்க."

"சரிங்க. கொஞ்ச நாள் பாருங்க. சரிவரலீன்னா நிறுத்திருங்க" என்றார்.

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்தில் போன் அடித்தது. சின்னாளபட்டிப் பெண்ணிடம் முன்னமே எல்லாம் சொல்லியிருந்தேன். எடுத்து, குறையைக் கேட்டாள். அன்றைக்குக் குறை, கேன்டீன் வாசல் பல்பு. "ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க" என்றாள். ரிசீவரின் சுருள் ஒயரை இழுத்துக்கொண்டே போய் நெய்க்காரப்பட்டிக்காரர் கையில் கொடுத்தாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். ரிசீவரைக் காதில் வைத்தார். பிறகு அந்த மாடியில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில், அடிவயிற்றிலிருந்து, "சாப்ட்டேன்டா!" என்று கத்தினார்.

மறுமுனையில் மெஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் அந்தக் குரல் வெடித்து வந்தது. "எங்கிட்டச் சொல்லாமப் போயிட்டயேடா! நாம்பாட்டுக்கு மறுநாளு உனக்கும் சேத்து டிப்பன் கொண்டாந்தேன்டா!"

"தப்புதான்டா! தப்புதான்!" என்று இவரும் கத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் மும்முரமாக டைப் அடித்தோம். என் திரையில் அன்றைக்கு என்ன எழுத்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் மட்டும் வெளிப்படையாக அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

அதற்குப் பின் அந்த ஆபீஸ் வேறு ஆபீஸ் ஆகிவிட்டது. ஒரேயடியாக இல்லை. ரெட்டியார்சத்திரத்துக்காரர்கள் தங்கள் மில் போனை எடுக்க ஆரம்பித்தபோது, வேலை பேசுவதற்கு முன்னால் யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்பதுவரை பேசினார்கள். ஒவ்வொரு அழைப்பும் நீண்டது. அதைப் பற்றிப் பெரியவர் இரண்டு முறை கேட்டார். ஆனால் மில்களிலிருந்து வரும் கருத்தில் 'திருப்தி இல்லை' என்பது மெல்ல மறைந்துபோனதால் மூன்றாவது முறை கேட்கவில்லை. பழைய மில்லில் தங்களுக்கு ஒரு ஆள் இன்னும் இருக்கிறது என்று ஆனதும், இவர்களுக்கு இங்கே கைகாலை நீட்டி உட்கார வந்துவிட்டது. எப்போது மேஜைகள் கலந்தன என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் பார்த்தேன், வேடசந்தூர்க்காரரின் கருவாட்டுத் தொக்கை ரெட்டியார்சத்திரத்துக்காரர் வழித்துக்கொண்டிருந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர் நடுவில் உட்கார்ந்து, யாரோ சொன்ன கதைக்குக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் டிப்பனைக் காலையில் பிரித்து முன்னால் வைக்கிற வேலையை, யாரும் சொல்லாமலே அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. "இப்பல்லாம் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, 'அவன்கிட்டக் குடு கண்ணு'ங்கிறாருக்கா. அம்புட்டு நாள் திட்டு வாங்கினது நானு."

மானேஜர் ஓய்வு பெற்றபோது எங்கள் மாடிக்கு வந்தார். ஒரு சாக்கு நிறைய ஆயக்குடிக் கொய்யாவைத் தானே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார். ஆபீசைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னுங்க இது, இத்தனை அமைதியா இருக்குது? எப்படீங்க வேலை ஓடுது?" என்று கேட்டார். அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, தலையில் கை வைத்து, தன்னால் முடிந்தவரை மெதுவாக ஏதோ சொன்னார். அவர் மெதுவாகப் பேசியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என்ன சொன்னார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்குப் பின் மாடி ஆபீசை மூடி, எல்லாவற்றையும் கோயம்புத்தூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வர முடிந்தவர்கள் வந்தோம். சின்னாளபட்டிப் பெண் கல்யாணம் ஆகி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்புப் பிரிவைப் பார்க்கிறாள். நெய்க்காரப்பட்டிக்காரர் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போனதும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். மானேஜர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த காது மெஷினை மானேஜர் பெரும்பாலும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறாராம்.

இங்கே இப்போது எனக்குக் கீழே நிறையப் பேர். தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொல்லிப் புதிதாக வந்தவர்கள் முன்னால் என்னை நிறுத்துகிறார்கள். திரையில் படங்கள் ஓடும். நானும் ஏதோ சொல்வேன். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே மனசு சில சமயம் பழனி ரோட்டுக்குப் போய்விடுகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, மின்சாரம் போய், ஃபேன் நின்று, எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்து நிற்கிற அந்த நேரத்துக்கு. கீழே பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். யாரோ ஒருவர் கொய்யாவை உப்பும் மிளகாயும் தொட்டு நீட்டுவார். பாறையைப் பார்த்தபடி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்போம். மின்சாரம் வந்தபிறகும் யாரும் உடனே போய் உட்காரமாட்டோம்.